அல்சர் மாத்திரை: எதை, எப்படி, எத்தனை நாள்

நான் சேலத்தில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநர். டாக்டர் சீட்டு இல்லாமல் கவுண்டரில் வாய்வார்த்தையாகக் கேட்கிறதில் முதல் இரண்டு இடம் வலி மாத்திரைக்கும் கேஸ் மாத்திரைக்கும்தான், அதுவும் பல சமயம் இரண்டையும் கேட்பது ஒரே ஆளாக இருப்பார். செவ்வாய்ப்பேட்டையில் குனிந்த தலை நிமிராமல் கொலுசு வேலை பார்க்கிறவர், அம்மாபேட்டைப் பக்கம் ராத்திரி ஷிப்டில் தறி ஓட்டுகிறவர், ஏற்காட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துப் பறித்து இடுப்பு போன அக்கா என்று எல்லோருக்கும் உடம்பு வலியும் நிஜம், வயிற்றெரிச்சலும் நிஜம். முதல் மாத்திரை வயிற்றைப் புண்ணாக்குகிறது, இரண்டாவது மாத்திரை அந்த எரிச்சலைத் தெரியாமல் செய்கிறது, இப்படியே வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள்.

வயிற்றுப்புண் குணமாகிற நோய். ஆனால் புண்ணுக்கு மட்டும் மாத்திரை போட்டால் அது ஆறும், நிறுத்தினால் திரும்ப வரும். எதனால் வந்தது என்று பார்த்து அதற்கும் சேர்த்து மருந்து எடுத்தால்தான் முடியும். டாக்டரைப் பார்ப்பதற்குப் பதிலாக இதைப் படிக்க வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்பது, அவர் எழுதிக் கொடுத்ததை வீட்டில் எப்படிச் சாப்பிடுவது, அதற்காகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் மருந்து சரியாக இருந்தும் சாப்பிடுகிற முறை தப்பாகி கேட்காமல் போவதை அடிக்கடி பார்க்கிறேன்.

எதனால் வருகிறது

காரம், கவலை, சாப்பாட்டு நேரம் தவறுவது, இவைதான் காரணம் என்று நம் ஊரில் மட்டுமல்ல, உலகம் முழுக்க டாக்டர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள் இரைப்பைச் சுவரில் சுருள் வடிவக் கிருமி ஒன்று குடியிருப்பதைக் காட்டினார்கள். இவ்வளவு அமிலத்தில் எந்தக் கிருமி உயிரோடு இருக்கும் என்று யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியை வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார், சில நாளில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி, சீட்டில் சுருக்கமாக எச். பைலோரி என்று எழுதுவார்கள். பெரும்பாலும் சின்ன வயதிலேயே வீட்டுக்குள்ளிருந்து தொற்றிக்கொள்கிறது. கிருமி இருக்கிற எல்லோருக்கும் புண் வருவதில்லை, ஆனால் புண் வந்தவருக்குக் கிருமி இருக்கிறதா என்று கட்டாயம் பார்த்தாக வேண்டும்.

இரண்டாவது காரணம் வலி மாத்திரை. டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், இபுபுரூஃபன், நாப்ராக்ஸன், ஆஸ்பிரின் எல்லாம் ஒரே குடும்பம். இரைப்பை தன் அமிலத்தாலேயே அரிக்கப்படாமல் இருக்க உள்ளே ஒரு வழவழப்பான படலம் உண்டு. அதைச் சுரக்க வைப்பது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள், இந்த மாத்திரைகள் வலியைக் குறைப்பதே அந்தப் பொருளைத் தடுத்துத்தான். அதனால் சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் ஆகாது என்பது பாதி ஆறுதல்தான். மாத்திரை நேரடியாகப் பட்டு எரிவது கொஞ்சம் குறையும், ரத்தம் வழியாகப் போய்ப் படலத்தைக் குறைப்பது குறையாது. ஊசியாகப் போட்டாலும் இதே கதைதான்.

இவை இரண்டும் இல்லாமலும் சிலருக்குப் புண் வரும், அது குறைவு, அதை டாக்டர் தேடிக்கொள்வார்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

மருந்துக்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன். மலம் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். ரத்தமாகவோ காப்பித்தூள் கலந்த தண்ணீர் மாதிரியோ வாந்தி வந்தாலும் அப்படித்தான். திடீரென்று கத்தியால் குத்தியது போல வலி வந்து வயிறு பலகை மாதிரி இறுகினால் புண் ஓட்டை போட்டிருக்கலாம், அதற்கு அறுவை சிகிச்சைதான். இந்த மூன்றில் எதற்கும் மாத்திரையோ மோரோ கொடுத்துக்கொண்டு உட்கார வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். வாயில் எதுவும் கொடுக்காமல் கூட்டிப் போங்கள். ஏற்காடு மலையில் இருக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். விடிந்ததும் பஸ்ஸில் போகலாம் என்று காத்திருந்து, 20 கொண்டை ஊசி வளைவு இறங்குவதற்குள் மயங்கிப் போனால் எல்லோருக்கும் கஷ்டம். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தக்கசிவை இப்போது பெரும்பாலும் வயிற்றைக் கிழிக்காமலே எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாக விடுகிற மெல்லிய குழாய் மூலமாக ஊசி போட்டோ கிளிப் மாட்டியோ நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் நேரத்தோடு போனால்தான்.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுப்பாகும், அதற்குப் பயப்பட வேண்டாம். மாத்திரையே இல்லாமல் கறுத்தாலோ, கறுப்போடு மயக்கம், படபடப்பு இருந்தாலோ மேலே சொன்னதுதான்.

இன்னொன்று. மேல் வயிற்றில் அழுத்தம், வியர்வை, மூச்சு வாங்குவது, தாடை அல்லது கைக்குப் பரவுகிற வலி இருந்தால் அது கேஸ் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். மாரடைப்பும் இப்படித்தான் வரும், சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல்கூட வரும். சோடா குடிக்கிற நேரத்தில் ஈசிஜி எடுத்துவிடலாம்.

பரிசோதனை

சாப்பிட்டால் வலி குறைந்து, வெறும் வயிற்றிலும் நடுராத்திரியிலும் எரிந்தால் சிறுகுடல் தொடக்கத்தில் புண் என்றும், சாப்பிட்டதும் வலித்தால் இரைப்பையில் புண் என்றும் சொல்வார்கள். பாதிப் பேருக்கு அப்படிப் பொருந்துவதில்லை. வயதானவர்களுக்கு, அதிலும் மூட்டு வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, வலியே இல்லாமல் நேராக ரத்தக்கசிவில் போய்த் தெரியும். உறுதியாகத் தெரிய எண்டோஸ்கோப்பிதான். பெயரைக் கேட்டே பயந்து வருடக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். ராத்திரி சாப்பிட்டு, காலையில் வெறும் வயிற்றோடு போனால் தொண்டையில் மரத்துப்போகும் மருந்து அடித்து, மெல்லிய குழாயை விட்டுப் பார்த்துவிடுவார்கள், பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். குமட்டும், வலிக்காது. அப்போதே சின்னத் துணுக்கு எடுத்துக் கிருமி சோதனையும் செய்துவிடலாம். எடை குறைவது, விழுங்கும்போது சிக்குவது, ரத்தசோகை, அடிக்கடி வாந்தி, நடுத்தர வயதுக்கு மேல் புதிதாக வந்த வயிற்று வலி, வீட்டில் யாருக்காவது இரைப்பைப் புற்றுநோய், இதில் ஏதாவது இருந்தால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப் போடவே கூடாது.

எண்டோஸ்கோப்பி தேவைப்படாதவர்களுக்குக் கிருமியை மட்டும் பார்க்க மூச்சுப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் இருக்கின்றன. ரத்தத்தில் பார்க்கிற சோதனையும் சில லேப்களில் உண்டு, ஆனால் கிருமி போன பிறகும் அது பாசிட்டிவ் என்றே காட்டும் என்பதால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. கேஸ் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே சோதனைக்குப் போனால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம். ஒமிபிரசோல் வகையை 2 வாரமும், ஆன்டிபயாட்டிக் எதுவாக இருந்தாலும் 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும், டாக்டரிடம் கேட்டு நிறுத்துங்கள். இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்லாமல் விட்டதால் காசு கொடுத்துத் தப்பான ரிசல்ட் வாங்கி வருகிறவர்கள் நிறைய.

அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை

பேண்டப்ரசோல் 40, ஒமிபிரசோல் 20, ராபிபிரசோல் 20, ஈசோமெப்ரசோல் 40. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான், புண் ஆறுவதற்கு முதல் மருந்து இந்த வகைதான். இரைப்பைச் சுவரில் அமிலத்தை உள்ளே தள்ளுகிற பம்புகள் இருக்கின்றன. சாப்பாடு உள்ளே வரும்போதுதான் அவை முழுவீச்சில் ஓடும், ஓடுகிற பம்பை மட்டும்தான் இந்த மருந்தால் பிடித்து நிறுத்த முடியும். மருந்து ரத்தத்தில் இருக்கிற நேரமும் குறைவு. அதனால்தான் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில், தண்ணீரோடு. சாப்பிட்டுவிட்டு ஞாபகம் வந்து போடுவது, ராத்திரி படுக்கும்போது மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் போடுவது, இரண்டிலும் பாதிப் பலன் வீண்.

நம் ஊர்ப் பழக்கத்தில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு, எழுந்ததும் பால் டீ. டீயும் சாப்பாட்டுக் கணக்குதான், எனவே மாத்திரையை முதலில் போட்டு அரை மணி கழித்து டீ குடியுங்கள், குடித்துவிட்டு டிபனையும் தள்ளிப் போடாமல் சாப்பிடுங்கள். இரவு ஷிப்ட் தறிக்காரர்களுக்குச் சீட்டில் காலை என்று போட்டிருந்தால் அது சூரியனுக்குக் காலை அல்ல, நீங்கள் தூங்கி எழுந்து சாப்பிடுகிற முதல் சாப்பாட்டுக்கு முன்னால் என்று எடுத்துக்கொள்ளலாம், கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது, மேலே இருக்கிற பூச்சு போனால் அமிலத்திலேயே கெட்டுவிடும். முதல் நாளே எரிச்சல் போகவில்லை என்று மாற்றாதீர்கள், முழு வேகம் பிடிக்க மூன்று நான்கு நாள் ஆகும். சிறுகுடல் புண்ணுக்குப் பொதுவாக 4 வாரம், இரைப்பைப் புண்ணுக்கு 8 வாரம் எழுதுவார்கள். வலி பத்து நாளில் போய்விடும், புண் போயிருக்காது.

சீட்டில் இல்லாமல் நீங்களாக வாங்குகிற கேப்ஸ்யூலின் பெயருக்குப் பின்னால் டி என்று இருந்தால் அதில் டோம்பெரிடோன் சேர்ந்திருக்கிறது. அது குமட்டலுக்கு. புண்ணுக்கு அதனால் உபயோகம் இல்லை, இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கும் 60 தாண்டியவர்களுக்கும் ஆபத்தும் உண்டு. டாக்டர் எழுதாமல் அதை மாதக்கணக்கில் சாப்பிடாதீர்கள். விலை கவலை என்றால் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் ஜெனரிக் பேண்டப்ரசோல் மலிவாகக் கிடைக்கும், வேலை செய்கிற மருந்து அதேதான்.

வோனோபிரசான் என்று புதிய வகை ஒன்று வந்திருக்கிறது, அதைச் சாப்பாட்டுக்கு முன்னும் போடலாம், பின்னும் போடலாம். விலை கூட. டாக்டர் எழுதினால் மட்டும்.

கிருமி இருந்தால் 14 நாள்

கவனம் மிகவும் தேவைப்படுகிற இடம் இது. எச். பைலோரி ஒரு மருந்துக்குச் சாகாது. அமிலம் குறைக்கிற மாத்திரையோடு கிளாரித்ரோமைசின் 500, அமாக்சிசிலின் 1 கிராம் என்று தினம் இரண்டு வேளை 14 நாள் ஒரு முறை. அதே அமில மாத்திரையோடு பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் என்று நான்கு மருந்து சேர்ந்தது இன்னொரு முறை. நம் நாட்டில் கிளாரித்ரோமைசினுக்கும் மெட்ரோனிடசோலுக்கும் கிருமி பழகிப்போயிருப்பது அதிகம், அதனால் நான்கு மருந்து முறையை எழுதுகிற டாக்டர்கள் கூடிவருகிறார்கள். போன வருடங்களில் சளிக்கோ தொண்டை வலிக்கோ அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் சாப்பிட்டிருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள், அந்தக் குடும்ப மருந்துக்கு உங்கள் வயிற்றுக் கிருமி ஏற்கெனவே பழகியிருக்கலாம். பெனிசிலின் ஊசி போட்டு எப்போதாவது தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், அமாக்சிசிலின் அதே இனம். கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும், கிளாரித்ரோமைசினோடு சில ஸ்டேட்டின்கள் சேரக் கூடாது.

எல்லா மருந்தும் சேர்ந்த கிட்டாக வாங்கினால் ஒரு நாளைக்கு ஒரு அட்டை, காலை இரவு என்று பிரித்தே வரும். வாங்கும்போதே 14 நாளைக்கும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மூன்று நாளைக்குக் கொடுங்கள், சம்பளம் வந்ததும் மிச்சத்தை வாங்குகிறேன் என்று கேட்டு, நடுவில் விட்டுப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்காது, ஏனென்றால் அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகி நிற்கும், அடுத்த முறை அதே மருந்து கேட்காது. மொத்தமாக வாங்க முடியாத நிலை என்றால் அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள், அல்லது பணம் சேர்ந்த பிறகு தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சாப்பிடும்போது என்னென்ன வரும் என்று முன்னமே தெரிந்தால் பயந்து நிறுத்த மாட்டீர்கள். கிளாரித்ரோமைசினும் மெட்ரோனிடசோலும் வாயில் செம்புக் காசை வைத்தது மாதிரி ஒரு கசப்பு தரும். பிஸ்மத் நாக்கையும் மலத்தையும் கறுப்பாக்கும், இது ரத்தம் இல்லை, நிறுத்தினால் சரியாகும். வயிறு இளகிப் போகும், கொஞ்சம் தயிரும் மோரும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் டெட்ராசைக்ளின் போடுகிற நேரத்தில் பால், தயிர், எரிச்சலுக்குக் குடிக்கிற ஜெல், இரும்புச்சத்து மாத்திரை எதுவும் கிட்டே வரக் கூடாது, இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அதை ஒரு சொம்பு தண்ணீரோடு உட்கார்ந்தபடி விழுங்குங்கள், உடனே படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் டெட்ராசைக்ளின் கிடையாது. மெட்ரோனிடசோல் இருக்கிற கிட் என்றால் அந்த 14 நாளும், முடிந்து மூன்று நாளும் மது தொடக் கூடாது. உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்குவது, ரத்தத்தோடு பேதி வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

மற்ற மருந்துகள்

ரோஸ் கலர் ஜெல், மிண்ட் ஜெல் எல்லாம் ஏற்கெனவே சுரந்த அமிலத்தைச் சமன் செய்வது மட்டும்தான், அரை மணி, ஒரு மணி நேர நிம்மதி. புண்ணை ஆற்றாது. பாட்டிலை நன்றாகக் குலுக்கி, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தும் படுக்கும் முன்னும் குடிக்கலாம், மற்ற மாத்திரைகளுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்கள் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

சுக்ரால்ஃபேட் புண்ணின் மேலேயே பசை மாதிரி படிந்து மூடுகிற மருந்து. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்னால். வழியில் வருகிற மற்ற மருந்துகளையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அதற்கும் இரண்டு மணி இடைவெளி. மலச்சிக்கல் வரும்.

அமிலத்தைக் குறைக்கிற பழைய வகை மாத்திரையான ரானிடிடின் பல வீடுகளில் இன்னும் அலமாரியில் இருக்கும். அதில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு சேர்வதாகத் தெரிந்து 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் விற்பனையையே நிறுத்தச் சொன்னார்கள். 2022-இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது போய்விட்டது. அந்த வகையில் ஒன்று வேண்டுமென்றால் ஃபாமோடிடின் இருக்கிறது.

மிசோபிராஸ்டால் என்று ஒன்று வலி மாத்திரைப் புண்ணைத் தடுக்கவே வந்தது, ஆனால் அது கர்ப்பத்தைக் கலைக்கும். பெண்கள் டாக்டர் சொல்லாமல் அதைத் தொடவே வேண்டாம்.

வலி மாத்திரையை என்ன செய்வது

நிறுத்த வேண்டும். வேலை செய்து பிழைக்கிறவரிடம் இதைச் சொல்வது எளிது, அவருக்கு நிறுத்துவது எளிதல்ல என்று தெரியும். சாதாரண உடம்பு வலிக்குப் பாராசிட்டமால் 500 அல்லது 650 வயிற்றைப் புண்ணாக்காது. ஈரல் கோளாறு உள்ளவர்களும் தினம் குடிக்கிறவர்களும் அதையும் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஒரு இடத்து வலிக்கு மேலே தடவுகிற ஜெல், சுடுதண்ணீர் ஒத்தடம் போதும். மூட்டுவாதத்துக்கு வலி மாத்திரை இல்லாமல் முடியவே முடியாது என்றால் டாக்டரே செலிகாக்சிப் போன்றதைக் குறைந்த அளவில், பேண்டப்ரசோலோடு சேர்த்து எழுதுவார். இரண்டு விதமான வலி மாத்திரையை ஒரே நாளில் சேர்த்துப் போடாதீர்கள், அதிலும் ஸ்டீராய்டு கூடவே இருந்தால் ஆபத்து பல மடங்கு. பெயர் எழுதாத பொட்டலத்தில் கலர் கலராக மூன்று மாத்திரை, மூட்டு வலிக்கு என்று பெட்டிக்கடையிலோ சந்தையிலோ கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள், அதில் இந்த இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் அல்சர் என்று கேள்விப்பட்டதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியும். இதய டாக்டரிடம் சொன்னால் கூடவே அமில மாத்திரை சேர்த்துக் கொடுப்பார். ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற குளோபிடோகிரெல் சாப்பிடுகிறவர்களுக்கு ஒமிபிரசோலும் ஈசோமெப்ரசோலும் ஒத்துவராது, பேண்டப்ரசோல் கேளுங்கள்.

சாப்பாடு

மிளகாயும் காப்பியும் புண்ணை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கிற புண்ணில் எரிச்சலைக் கூட்டும், அதுவும் எல்லோருக்கும் இல்லை. எரிந்தால் தட்டுவடை செட்டுக்குக் காரச் சட்னியைக் கொஞ்ச நாள் குறைத்துக்கொள்ளுங்கள், எரியவில்லை என்றால் சாப்பிடுங்கள். மணத்தக்காளிக் கீரை, மோர், இளநீர், ஜவ்வரிசிக் கஞ்சி எல்லாம் வயிற்றுக்கு இதம்தான், தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் கிருமியைக் கொல்லாது, மருந்துக்குப் பதில் ஆகாது. பால் குடித்தால் அந்த நேரம் அடங்கி, பிறகு அமிலம் கூடிக் கிளம்பும். பீடி, சிகரெட் புண் ஆறுவதை நிச்சயமாகத் தாமதப்படுத்தும், ஆறியதைத் திரும்ப வரவும் வைக்கும்.

முடித்த பிறகு

கிட் முடிந்து 4 வாரம் ஆன பிறகு கிருமி போய்விட்டதா என்று மூச்சு அல்லது மலப் பரிசோதனை ஒன்று செய்ய வேண்டும், இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. எரிச்சல் இல்லை என்பதை வைத்துக் கிருமி போனதாகச் சொல்ல முடியாது. இரைப்பையில் புண் இருந்தவருக்கு டாக்டர் சில வாரம் கழித்து இன்னொரு எண்டோஸ்கோப்பி சொல்லலாம், ஆறாத புண் சில சமயம் புற்றுநோயாக இருக்கும் என்பதால்தான், காசு பிடுங்க அல்ல.

அமில மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரம் எரிச்சல் முன்னைவிட அதிகமாக வரும். அது புண் திரும்பியது என்று நினைத்து மறுபடியும் தொடங்கி, அப்படியே பல வருடம் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் சொல்படி ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து நிறுத்துங்கள், நடுவில் எரிந்தால் ஜெல் குடித்துச் சமாளிக்கலாம். வருடக்கணக்கில் தேவைப்படுகிறவர்கள் பி12, மெக்னீசியம் அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டையும், சாப்பிட்ட கிட்டின் அட்டையையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு முதல் முறையில் கிருமி போகாது, அப்போது இரண்டாவது முறை வேறு ஆன்டிபயாட்டிக்கோடு தர வேண்டும். முதலில் எது சாப்பிட்டீர்கள் என்று தெரியாவிட்டால் டாக்டர் அதே கிளாரித்ரோமைசினையே திரும்ப எழுதிவிட வாய்ப்பு உண்டு.